நல்ல துணியின் வாசம்

என் மகனின் கண் மஞ்சளாக இருக்கிறது என்று முதலில் சொன்னது நான்தான். ஒருவரும் நம்பவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு எதைப் பார்த்தாலும் பயம் என்று சிரித்தார்கள். செலின் அக்காள் மட்டும் பிள்ளையை வாசல் பக்கம் தூக்கிக்கொண்டு போய், வெளிச்சத்தில் இமையை விலக்கிப் பார்த்தாள்.

"ஏட்டி லீமா, பிறந்த பிள்ளைக்கு கொஞ்சம் மஞ்ச இருக்கத்தான் செய்யும். காலத்த இளவெயிலு காட்டினா ஒக்க போயிரும். வெப்ராளப்படாத."

சொன்னாளே தவிர, அவள் முகம் சரியில்லை. அவள் யாரை நினைத்துக்கொண்டாள் என்பதும் எனக்குத் தெரியும். அக்காளுக்கும் எனக்கும் நடுவில் இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். எட்வின், ராபின். இரண்டு பேரும் பிறந்த மாதமே மஞ்சளடித்துப் போய்ச் சேர்ந்தார்கள். நான் அவர்களைப் பார்த்ததில்லை. என்னைவிட மூத்தவளான அக்காள் பார்த்திருக்கிறாள், தூக்கியும் இருக்கிறாள். அந்த வீட்டில் ஆம்பிளைப் பிள்ளை தங்காது என்று குளச்சலில் எங்கள் தெரு முழுக்கப் பேச்சு. அம்மாவின் பால்தான் ஆகவில்லை என்றும் சொன்னார்கள். அம்மா அதை நம்பித்தான் கடைசி வரைக்கும் இருந்தாள். அக்காளுக்கு இரண்டும் பெண்ணாகப் பிறந்தபோது, "செலின் தப்பிச்சா" என்று மீன் கூடையோடு ஒருத்தி சொன்னதை நானே காது கொடுத்துக் கேட்டேன்.

எனக்குப் பிறந்தது பையன். பிரசவ அறையில் அதைச் சொன்னபோது எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் பயம் வந்தது.

கண்ணில் மஞ்சளைப் பார்ப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் கோவிலில் ஞானஸ்நானம் நடந்திருந்தது. பச்சைப் பிள்ளைக்கு இத்தனை அவசரம் வேண்டியதில்லைதான். ஆனால் என் வீட்டுக்காரர் சகாயம் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை பார்ப்பவர். லீவு முடியப் போகிறது, மகனுக்குப் பெயர் வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆரோன் என்று பெயர் வைத்தோம்.

ஞானஸ்நான உடுப்பு எங்கள் குடும்பத்துக்கு ஒன்றே ஒன்றுதான். அம்மா தன் கல்யாணத்தில் தலையில் போட்ட முட்டாக்குத் துணியை வெட்டி, ஓரத்தில் லேஸ் வைத்துத் தைத்தது. அக்காள், செத்துப்போன இரண்டு அண்ணன்மார், நான், பிறகு அக்காளின் இரண்டு பெண்கள், எல்லாரும் அதைப் போட்டுக்கொண்டுதான் தலையில் தண்ணீர் வாங்கினோம். அம்மாவுக்குப் பிறகு அவளுடைய டிரங்குப் பெட்டியோடு அது அக்காள் வீட்டுக்குப் போனது. சுனாமி அன்று அக்காள் வீட்டுக்குள் நெஞ்சு மட்டத்துக்குத் தண்ணீர் ஏறியது. கட்டில், பீரோ, சட்டி பானை ஒன்றும் மிஞ்சவில்லை. பரணில் இருந்த அந்தப் பெட்டி மட்டும் நனையாமல் கிடந்தது. அதிலிருந்து அந்த உடுப்புக்குத் தனி மரியாதை. மாதா காத்துத் தந்த உடுப்பு என்று அக்காள் சொல்லுவாள். அம்மா காலத்திலேயே அந்தப் பெட்டியில் பாச்சா உருண்டை கிடக்கும். தண்ணீர் வடிந்த வீட்டில் ஈரமும் கரப்பானும் போகாமல் இருந்ததால், அக்காள் அதைக் கை நிறைய அள்ளிப் போட்டு வைத்தாள். பூச்சி அண்டாமல் இருக்க எல்லா வீட்டிலும் போடுகிற அந்த வெள்ளை உருண்டைதான்.

செவ்வாய்க்கிழமை ஆரோன் பால் குடிக்கவில்லை. மார்பில் வைத்தால் வாயைத் திறக்காமல் தூங்கினான். உள்ளங்காலைச் சுண்டினால் முனகினான், மறுபடி தூங்கினான். மதியம் துணியை மாற்றும்போது அக்காள் கை நின்றுவிட்டது. மூத்திரம் பட்ட இடம் பால் விடாத கட்டன் சாயா கொட்டினது போல இருந்தது. துணியைச் சுருட்டி ஒரு பையில் போட்டாள். "சகாயத்துக்கிட்ட வண்டி பிடிக்கச் சொல்லு" என்றாள்.

நாகர்கோவிலில் குழந்தைகளுக்கான ஆஸ்பத்திரி. டாக்டரம்மா பிள்ளையின் நெற்றியை விரலால் அழுத்தி விட்டுப் பார்த்தார். நெஞ்சை அழுத்தினார், வயிற்றை, காலை. அழுத்திய இடமெல்லாம் மஞ்சளாகத்தான் மேலே வந்தது. பிறகு கேள்விகள். மருந்து ஏதாவது கொடுத்தீர்களா, கஷாயம், பச்சிலை, பொடி? இல்லை. தாய்க்கு ஏதாவது மாத்திரை? இல்லை. கணவன் மனைவி சொந்தமா? இல்லை.

"உங்க குடும்பத்துல யாருக்காவது இப்படி வந்திருக்கா? சின்னப் பிள்ளைங்க யாராவது இறந்திருக்காங்களா?"

"அப்படி ஒண்ணும் இல்ல டாக்டரே" என்றாள் அக்காள். கண்ணிமைக்காமல் சொன்னாள்.

சகாயம் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எட்வின், ராபின் விஷயம் அவருக்குத் தெரியாது. கல்யாணம் பேசும்போது சொல்லவில்லை, சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போயிருப்பார்கள் என்று அக்காளுக்குப் பயம். அவள் என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அக்காளின் கையைத் தள்ளிவிட்டேன்.

"இருக்கு டாக்டர். எனக்க அண்ணன்மாரு ரெண்டு பேரு. பிறந்த மாசமே மஞ்ச வந்து செத்தாவ. ரெண்டும் ஆம்பிளைப் பிள்ளை."

சகாயம் என்னைப் பார்த்தார். நான் டாக்டரை மட்டும் பார்த்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நல்லவேளை சொன்னீங்க. ரத்தம் மாத்துறதுக்கு முன்னாலயே ஒரு சாம்பிள் எடுத்து திருவனந்தபுரத்துக்கு அனுப்பணும். மாத்தின பிறகு எடுத்தா அடுத்தவங்க ரத்தத்தைத்தான் பரிசோதிச்ச மாதிரி ஆகும்."

ரத்தம் மாற்றுவது என்றால் என்னவென்று நர்ஸ் ஒருத்தி விளக்கினாள். பிள்ளையின் சிவப்பணுக்கள் உடைந்துகொண்டே இருக்கின்றன. உடைந்தவற்றில் இருந்து வரும் மஞ்சள் நிறப் பொருள் ரத்தத்தில் சேர்கிறது. அளவுக்கு மேல் போனால் அது மூளைக்குள் இறங்கிவிடும். உயிர் தப்பினாலும் காது கேட்காமல் போகலாம், கை கால் முறுக்கிக்கொள்ளலாம். அதனால் பிள்ளையின் ரத்தத்தைச் சிறுகச் சிறுக வெளியே எடுத்து, எடுத்த அளவுக்கு வேறு ரத்தம் உள்ளே ஏற்றுவார்கள். அவள் நிதானமாகத்தான் சொன்னாள். எனக்குக் காது கேட்காமல் போகலாம் என்பதற்கு அப்புறம் ஒன்றும் ஏறவில்லை.

வெளியே வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். நான் ஒரு முனையில் உட்கார்ந்தேன், அக்காள் அடுத்த முனையில். சகாயம் நடந்துகொண்டே இருந்தார். குளச்சலில் இருந்து அவருடைய கூட்டாளிகள் ரத்தம் கொடுக்க வந்தார்கள். கரையேறின கையோடு வந்திருந்தார்கள், கைலியில் மீன் செதில்கூடப் போகவில்லை. ஊசி என்றதும் அவர்களில் தடியாக இருந்த ஒருவன் மயங்கி விழுந்தான். மற்றவர்கள் அவனைக் கேலி செய்து சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், உடனே அழுதேன்.

சகாயம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நேரத்தே பறஞ்சிருக்கலாம்லா, லீமா."

"பறஞ்சிருந்தா கெட்டியிருப்பியளா?"

அவர் யோசித்தார். அந்த யோசனையே எனக்குப் போதும் என்று எழப் போனேன். கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நான் கெட்டியிருப்பேன். எனக்க அம்மைதான் சம்மதிச்சிருக்க மாட்டா." பிறகு மெதுவாகச் சொன்னார், "எதுன்னாலும் ஞானஸ்நானம் குடுத்தாச்சுல்லா. அது ஒரு சமாதானம்."

"எதுக்கு, சாவுறதுக்கா குடுத்தோம்? எழும்பிப் போங்க அங்கிட்டு!"

அவர் எழுந்து போகவில்லை. ஏஜெண்டிடம் போனில் பேசி, டிக்கெட்டைத் தள்ளிவைக்கச் சொன்னார். வேலை போனாலும் போகட்டும் என்று சொன்னது எனக்குக் கேட்டது.

ரத்தம் மாற்றியபின் ஆரோனை நீல விளக்கின் கீழ் படுக்க வைத்தார்கள். கண்ணைக் கட்டி, இடுப்பில் ஒரு துண்டுத் துணியோடு கிடந்தான். மஞ்சளைக் கரைத்து வெளியே அனுப்புகிற வெளிச்சம் அது. கண்ணாடி வழியாக ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். இறங்கியது ஏறுவதற்குள் எனக்கு உயிர் போய் வரும். ஆனால் மஞ்சள் குறைந்தது. ஒரு காலையில் வீலென்று கத்தினான். பசிக்கான கத்தல் என்று நர்ஸ் சிரித்தாள். பிள்ளையை என் கட்டிலுக்குக் கொடுத்தார்கள். புதுத் துணி உரசும், துவைத்து மெத்தென்று ஆன பழைய துணி கொண்டு வாருங்கள் என்று சொன்னாள்.

அக்காளுக்கு இது போதும். அவளிடம் நான் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த நாட்கள் அவை. தான் சொன்ன பொய் அவளுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். தினமும் குளச்சலில் இருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். ஒரு தூக்கில் கஞ்சி, ஒன்றில் சுறாப்புட்டு, தோளில் ஒரு பை. பைக்குள் அம்மாவின் பழைய வாயில் புடவையைக் கிழித்து மடித்த துணிகள். சுனாமியில் தப்பிய பெட்டியில் அம்மாவின் புடவைகளும் இருந்தன. தன் பெண்களுக்குக்கூடக் கிழிக்காமல் வைத்திருந்தவை.

"அம்மைக்க சேலையிலே கெடக்கட்டும் மக்கா. அவ பேரனைப் பாக்காமத்தானே போனா" என்று சொல்லி, ஆரோனை இறுக்கிச் சுற்றி என் மடியில் வைப்பாள். நான் கோபத்தை விட்டுவிட்டேன். அந்தத் துணியில் அம்மாவின் வாசம் வந்தது. அப்படித்தான் நான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஆரோனின் நாக்கும் உதடும் வெளுத்தன. சிவப்பணு மறுபடி குறைகிறது என்றார்கள். கண்ணில் மஞ்சள் திரும்பி வந்தது. அடைபட்ட ஓட்டை திரும்பத் திறந்தது மாதிரி இருந்தது. ஏன் என்று டாக்டரம்மாவுக்கே புரியவில்லை. கிருமி இல்லை, ரத்தப் பிரிவில் பிரச்சினை இல்லை. இன்னொரு முறை ரத்தம் ஏற்றவேண்டி வரும், ஒருவேளை முழுவதும் மாற்றவேண்டியும் வரும் என்றார். அந்த வீட்டில் ஆம்பிளைப் பிள்ளை தங்காது என்ற குரல் காதுக்குள்ளேயே கேட்டது. பால் கொடுக்கப் பயந்தேன். அம்மாவும் இப்படித்தான் பயந்து ராபினுக்குப் பாலை நிறுத்தினாள் என்று அக்காள் சொல்லியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் திருவனந்தபுரத்தில் இருந்து முடிவு வந்தது. டாக்டரம்மா என் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து சொன்னார். சகாயம் நின்றார். அக்காள் கீழே தூக்குப் பாத்திரத்தைக் கழுவப் போயிருந்தாள்.

ஜி-சிக்ஸ்-பி-டி என்று ஒரு நொதி. எல்லா செல்லிலும் இருக்கும். கடல் காத்தில் கிடக்கிற இரும்புக்கு பெயிண்ட் எப்படியோ, சிவப்பணுவுக்கு அது அப்படி. இல்லையென்றால் துரு தின்றுவிடும். மற்ற செல்களில் நடுவில் உட்கரு இருக்கிறது, வேண்டியதைத் திரும்பச் செய்துகொள்ளும். சிவப்பணுவில் உட்கரு கிடையாது. பிறக்கும்போது கையில் இருப்பதுதான், புதிதாக ஒன்றும் செய்யமுடியாது. ஆரோனுக்கு அந்த நொதி பிறவியிலேயே மிகக் குறைவு.

"சும்மா இருக்கிறப்போ ஒண்ணும் தெரியாது. சில மருந்து, சில பொருள் உடம்புல பட்டாத்தான் அணு உடையும். இந்த நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. பெண்ணுக்கு எக்ஸ் ரெண்டு. ஒண்ணு பழுதுன்னாலும் இன்னொண்ணு பெரும்பாலும் தாங்கிக்கும். பையனுக்கு ஒண்ணே ஒண்ணு, அதுவும் அம்மாகிட்ட இருந்து வர்றது."

"அப்ப என்கிட்ட இருந்துதான்" என்றேன்.

"உங்க அம்மா உங்களுக்குக் கொடுத்திருப்பாங்க. அவங்களுக்கும் யாரோ கொடுத்திருப்பாங்க. யாரும் தெரிஞ்சு கொடுக்கிறதில்ல." அவர் சகாயத்தைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார். பிறகு குனிந்தார். "ஆனா ஏதோ ஒண்ணு இவன் மேல இன்னும் பட்டுக்கிட்டே இருக்கு. அதுதான் எனக்குக் கிடைக்கல. வீட்டுல வேப்பெண்ணெய், மருந்துத் தைலம், பாச்சா உருண்டை..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் என் மடியில் இருந்து அந்த வாசம் ஏறியது. திருநாளுக்குப் போகும்போது வருகிற வாசம், கல்யாண வீட்டுப் புடவைகளின் வாசம். எங்கள் கரையில் நல்ல துணி என்றாலே அந்த வாசம்தான். பெட்டியில் இருந்து எடுத்ததை யாரும் துவைத்துக் கட்டமாட்டோம். நாள் முழுக்க ஆஸ்பத்திரி பினாயிலோடு சேர்ந்து அடித்ததால் நர்ஸுகளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தும் அம்மா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா துணியின் ஒரு முனையை மூக்கருகே கொண்டு போனார். மறு நொடியே பிள்ளையை அதில் இருந்து உரித்தெடுத்தார். "சிஸ்டர், வெந்நீர்!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

பிள்ளையைக் குளிப்பாட்டி ஆஸ்பத்திரித் துணியில் சுற்றினார்கள். சகாயம் வடசேரிக்கு ஓடி, பருத்தித் துணி வாங்கி வந்தார். நர்ஸ் அதை வெந்நீரில் அலசிக் காயப்போட்டாள். அன்று ஏற்றிய ரத்தம்தான் கடைசி.

டாக்டரம்மா கிளம்பும்போது நான் பின்னாலேயே போய்க் கேட்டேன். ஆரோனுக்கு ஞானஸ்நானத்தன்று போட்ட உடுப்பும் அந்தப் பெட்டியில் இருந்ததுதான், எட்வினும் ராபினும் போட்டதும் அதே உடுப்பு, அவர்களுக்கும் இதுதானா?

"இப்போ அதைச் சோதிக்க வழியில்ல. இருக்கலாம். அதே உடுப்பு, அதே பெட்டின்னா... இருக்கலாம்."

அக்காளிடம் நான் சொல்லவில்லை. வெளித் துணி கொண்டுவரக் கூடாதாம், புது ரூல் என்று சொன்னேன். அவள் நம்பினாள். அப்படி எண்ணிக்கொண்டேன். அவள் மடியில் பையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கட்டத்தில் பையைத் திறந்து ஒரு துணியை எடுத்தாள். மடித்தாள். பிரித்தாள். முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"லீமா, இஞ்ச வா. கீழ அந்த நர்ஸுப் பிள்ளை, வீட்ல பாச்சா உருண்டை இருக்கான்னு எங்கிட்ட கேட்டுது. எதுக்காட்டு கேட்டுது?"

என் முகத்திலேயே அவள் படித்துவிட்டாள்.

"எட்வினுக்கு நான்தான் உடுப்பு மாட்டினேன். அம்மைக்கு முதுகு வலின்னு நான்தான் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனேன். ராபினுக்கும் நான்தான். அவனுக்குப் பெருசா இருந்துதுன்னு ரெண்டு ஊசி குத்தி..." கையில் இருந்த துணியைப் பைக்குள் திணித்தாள். "பெட்டியிலேயிருந்து எடுத்ததும் நான். இப்ப இவனுக்குக் கொண்டுவந்ததும் நான்."

எனக்கு அக்காள் மேல் ஒரு நிமிடம் கோபம் வந்தது, மறைக்க என்ன இருக்கிறது. தினமும் சுமந்து கொண்டுவந்து சுற்றினாளே என்று வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, நீ துணி குடுத்த, நான் ரத்தம் குடுத்தேன். ரெண்டும் சேந்ததாலதான் வந்துது. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அம்மைக்கும் தெரியாது. அவ பாலு விஷமில்லக்கா. கேட்டியா? அம்மைக்க பாலுல ஒண்ணுமில்ல."

அக்காள் அப்போதுதான் அழுதாள். அம்மா செத்தபோது அழாதவள், அந்தப் பெஞ்சில் வாய்விட்டு அழுதாள். அம்மை இதைக் கேக்காமப் போயிட்டாளே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் பயம் விடவில்லை. காது பரிசோதனை வரைக்கும் நான் தூங்கினேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது. பிள்ளைக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டுவேன். அவன் திரும்பினால், சத்தத்துக்குத் திரும்பினானா, நிழலுக்குத் திரும்பினானா என்று மறுபடி தட்டுவேன். வேலைக்குத் திரும்பிப்போன சகாயம் போனில் தினமும் கேட்பார். கேட்கிறது என்று முடிவு வந்த அன்று பஹ்ரைனில் படகு முழுக்க மிட்டாய் கொடுத்தாராம். ஆரோன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். கூப்பிட்டால் காது கேட்காதவன் போல் நிற்பது அவனுடைய சேட்டை, நோய் இல்லை. எந்த டாக்டரிடம் போனாலும் அவர் மருந்து எழுதுவதற்கு முன்னால் ஜி-சிக்ஸ்-பி-டி என்று தானே சொல்லிவிடுகிறான்.

போன வருஷம் அக்காளின் மூத்த மகள் நிஷாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றே ரத்தம் எடுக்கச் சொல்லி, அக்காளே அந்த ரத்த டியூபைப் பிடித்துக்கொண்டு பரிசோதனைக் கூடம் வரை போனாள். முடிவு வந்தது. குறைவு என்றுதான் இருந்தது. நிஷா அழுதாள். நான் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அக்காள் மட்டும் முடிவை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, "அழாத ஏட்டி. தெரிஞ்சு போச்சுல்லா. இனி என்ன பயம்" என்றாள்.

அம்மாவின் உடுப்பை அவள் எரிக்கவில்லை. எத்தனை முறை துவைத்தாலும் நம்பிக்கை வராது என்று, அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். புதுப் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு வேறு துணி எடுத்தாள். துவைத்தாள், மொட்டைமாடியில் வெயிலில் போட்டாள், திரும்பவும் துவைத்தாள். கோவிலுக்குப் புறப்படும்போது நிஷா கையை நீட்டினாள். அக்காள் உடனே கொடுக்கவில்லை. உடுப்பை மூக்கில் வைத்து மூச்சை இழுத்தாள். பிறகு என்னிடம் நீட்டி, "நீயும் பாரு" என்றாள். நான் பார்த்தேன். வெயில் வாசம் தவிர ஒன்றும் இல்லை.

"இல்லக்கா" என்றேன்.

"இல்லைல்லா?"

"இல்ல."

அதற்கப்புறம்தான் அவள் பிள்ளைக்கு உடுப்பை மாட்டினாள்.